மதில் காக்கும் மொழியும் கருப்பையும்

நோயெதிர்ப்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட பாடநூல் பகுதியையோ நாளிதழின் மருத்துவப் பக்கத்தையோ எடுத்து வாசித்தால் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது. உடல் ஒரு கோட்டை. தோல் அதன் மதில். கிருமிகள் படையெடுத்து வருகின்றன. வெள்ளையணுக்கள் போர்வீரர்கள், எதிர்ப்பொருள்கள் அவர்களின் ஆயுதங்கள். ஊடுருவியவர் யாரென்று கண்டறிந்து கொன்றுவிட்டால் கோட்டை தப்பும். புறத்திணை நடத்துகிற எனக்கு இது நன்றாகத் தெரிந்த களம். மதிலை வளைப்பது உழிஞை. மதிலைக் காப்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை நொச்சி என்று தனித் திணையாகவே வைக்கிறது. நம் அறிவியல் தமிழ் உடலுக்கு நொச்சிப் பூவைச் சூட்டிவிட்டது.

கொரோனாக் காலத்தில் இந்த மொழி வீட்டுக்குள்ளும் வந்தது. செவிலியரும் தெருவைப் பெருக்கிய தூய்மைப் பணியாளரும் ‘முன்களப் பணியாளர்’ ஆனார்கள். ‘எதிர்ப்பு சக்தி’யைக் கூட்டும் கஷாயத்தையும் கபசுரக் குடிநீரையும் காய்ச்சும் வேலை, ஏற்கெனவே அடுப்படியில் நின்றவர்களின் தலையில் கூடுதலாக விழுந்தது. ஒன்றைப் போர் என்று அழைத்துவிட்டால் அதில் சாகிறவர் யார், சமைக்கிறவர் யார் என்று கேட்பது அடாத பேச்சாகிவிடுகிறது.

என் கேள்வி இதற்கும் ஒரு படி முன்னால் இருக்கிறது. கோட்டை, மதில், பகைவர் என்ற இந்த உருவகத்தை வகுத்தவர்கள் யாருடைய உடலை மனத்தில் வைத்திருந்தார்கள்? அந்த உடலுக்குக் கருப்பை இருந்திருக்க முடியாது என்பதே என் வாதம்.

முதலில் உருவகத்தைத் தள்ளிவைத்துவிட்டு உடலில் நடப்பதைப் பார்ப்போம். எதிர்ப்பாற்றல் எந்த மூலக்கூறைப் பற்றி அடையாளம் காண்கிறதோ அது ஆன்டிஜென். அது கிருமியின் மேலோட்டுப் புரதமாக இருக்கலாம், மகரந்தமாக இருக்கலாம், நம் சொந்தப் புரதமாகவும் இருக்கலாம். பி அணுக்கள் அதன் வடிவத்தை நேராகவே பற்றுகின்றன. டி அணுக்களுக்கு அது போதாது. இன்னோர் அணு அந்தப் புரதத்தைச் சிறு துண்டுகளாக்கி, எச்.எல்.ஏ. என்ற தாங்கியில் ஏந்திக் காட்ட வேண்டும். காட்டியவுடன் பாய்ச்சல் தொடங்கிவிடுவதும் இல்லை. காட்டுகிற அணு இரண்டாவது குறிப்பு ஒன்றையும் தர வேண்டும். அது கிடைக்காவிட்டால், ஆன்டிஜெனைச் சரியாக அடையாளம் கண்ட டி அணுவே அடங்கிவிடுகிறது. அறிவது ஒரு வேலை, தாக்குவது இன்னொரு வேலை. நாம் தினமும் உண்ணும் பருப்பும் மீனும் அயல் புரதங்கள்தான். குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் அயல்தான். அவற்றை உடல் அறியாமல் இல்லை. அறிந்தே இருக்க விடுகிறது.

டி அணுக்கள் நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் பயில்கின்றன. சொந்தப் புரதத் துண்டுகளை மிக இறுக்கமாகப் பற்றுபவை பெரும்பாலும் அங்கேயே மடிகின்றன. சில மட்டும் வேறு வேலைக்குத் திருப்பப்படுகின்றன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். ‘துரோகிகளைக் களையெடுத்தல்’ என்று எல்லாரும் எழுதுவது இதைத்தான். அதிகம் எழுதாமல் விடுவது ஒன்று உண்டு. சொந்த எச்.எல்.ஏ.வைச் சற்றும் பற்றத் தெரியாத அணுக்களும் அங்கே மடிகின்றன. தன்னோடு சிறிதும் தொடர்பில்லாத அணுவுக்குப் பிறரை அறியும் வேலை கொடுக்கப்படுவதில்லை. கோட்டைக் கதையில் இதைச் சொல்ல இடமே இல்லை.

‘தன்’, ‘பிற’ என்ற பிரிவினையை நோயெதிர்ப்பியலின் அச்சாக்கியவர் ஆஸ்திரேலியாவின் ஃபிராங்க் மெக்ஃபார்லேன் பர்னெட். ஒருவர் தோலை இன்னொருவருக்கு ஒட்டினால் உடல் ஏன் தள்ளுகிறது, எப்போது தள்ளாமல் ஏற்கிறது என்பதைச் சோதனைகளால் காட்டியவர் இங்கிலாந்தின் பீட்டர் மெடாவர். 1960இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மெடாவர் 1953இல் ஒரு புதிரை முன்வைத்தார். குழந்தையின் ஆன்டிஜென்களில் பாதி தந்தை வழியில் வருபவை, எனவே தாயின் உடலுக்கு அது அயல் திசு. அப்படியென்றால் தாயின் உடல் அதை ஏன் தள்ளிவிடவில்லை? மூன்று விடைகள் இருக்கலாம் என்றார். தாய்க்கும் சேய்க்கும் இடையே உடற்கூற்றுத் தடுப்பு இருக்கலாம். சேயின் ஆன்டிஜென்கள் முதிராதவையாக இருக்கலாம். அல்லது தாயின் நோயெதிர்ப்பே மந்தமாகிக் கிடக்கலாம்.

இந்த மூன்றையும் ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல வாசித்துப் பாருங்கள். ஒரு சுவர், ஓர் அறியாப் பிள்ளை, ஒரு சோம்பேறித் தாய். மூன்றிலும் அந்தப் பெண்ணின் உடல் எதையும் செய்யவில்லை. தள்ளினால் மட்டுமே அது செயல், தள்ளாவிட்டால் அது செயலின்மை என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது. மனித குலம் முழுவதும் பிறந்து வந்த வழி, கோட்பாட்டுக்குப் பொருந்தாத விதிவிலக்காக நின்றது. விதியைச் சந்தேகிக்காமல் தாயைச் சந்தேகித்தார்கள். மெடாவர் கூர்மையான அறிவாளி; அந்தக் கேள்வியைக் கேட்டதாலேயே ஒரு துறை பிறந்தது. அவர் கையில் இருந்த மொழிதான் அந்த மூன்று விடைகளையும் வரைந்து கொடுத்தது.

விடைகள் நெடுநாள் தாங்கவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ரோஸ் பெய்ன், நெதர்லாந்தில் யான் வான் ரூட் ஆகிய இருவரும் 1958இல் தனித்தனியாக ஒன்றைக் கண்டார்கள். கருவுற்ற பெண்களின் ரத்தத்தில், குறிப்பாகப் பலமுறை கருவுற்றவர்களிடம், குழந்தைக்குத் தந்தை வழியில் வந்த வெள்ளையணு ஆன்டிஜென்களைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. ‘மந்தமான’ தாய் துல்லியமாக அறிந்திருந்தாள். அறிந்தபடியே குழந்தையைச் சுமந்து பெற்றிருந்தாள். எச்.எல்.ஏ. வகைகளைப் பிரித்தறிய உலகம் பல ஆண்டுகள் நம்பியிருந்தது இத்தகைய பெண்களின் ரத்தத் தெளிவைத்தான். சிறுநீரகம் மாற்றும்போது யாருடையது யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கும் கலை, பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தத்திலிருந்து கற்றது. அந்தப் பெண்களின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை.

சுவரும் முழுச் சுவராக இல்லை. 1996இல் டயானா பியாங்கியின் குழு, மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த பிறகும் ஒரு தாயின் ரத்தத்தில் ஆண் அணுக்கள் இருப்பதைக் காட்டியது. எது ‘தன்’, எது ‘பிற’ என்ற கோடு அவள் உடலில் எங்கே விழுகிறது?

பெயரிடுதலின் வன்முறைக்கு இன்னோர் எடுத்துக்காட்டு. 1970களில் எலிகளின் புற்றணுக்களைக் கொல்வதைக் கண்டு சில அணுக்களுக்கு ‘இயற்கைக் கொலையணுக்கள்’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால், கருவுற்ற தொடக்க மாதங்களில் கருப்பையின் உட்படலத்தில் திரளும் வெள்ளையணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் அங்கே அவை கொல்வதில்லை. கருவுக்கு ரத்தம் தாராளமாகப் போகும்படி தாயின் ரத்தக் குழாய்களை அகலப்படுத்தும் வேலையில் துணை நிற்கின்றன. கேம்பிரிட்ஜின் ஆஷ்லி மோஃபெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் இன்னும் வியப்பான ஒன்றைச் சொன்னார்கள். குழந்தையின் குறிப்பிட்ட எச்.எல்.ஏ. வகையைக் கண்டதும் இந்த அணுக்கள் அளவுக்கு மீறி அடங்கிவிடும் மரபமைப்புள்ள தாய்மாருக்கே, கர்ப்பகால ரத்தக் கொதிப்பாக வெளிப்படும் ப்ரீ-எக்லாம்ப்சியாவின் அபாயம் கூடுதல். தாயின் உடல் கண்மூடிக் கிடந்தால் குழந்தை தப்பும் என்று நினைத்தார்கள். அவள் உடல் விழித்திருந்து வேலை செய்யாவிட்டால்தான் ஆபத்து.

இந்தப் போர்மொழியைப் பெண்ணிய நோக்கில் முதலில் விரிவாக வாசித்தவர்களில் ஒருவர் அமெரிக்க மானிடவியலாளர் எமிலி மார்ட்டின். 1990இல் எழுதிய கட்டுரையில், நோயெதிர்ப்பியல் நூல்கள் உடலை ஒரு தேச அரசாகச் சித்திரிப்பதைக் காட்டினார். குப்பையை விழுங்கிச் சுத்தம் செய்யும் பேரணுக்கள் வீட்டுவேலைக்காரிபோலத் தாழ்வாகவும், கொல்லும் டி அணுக்கள் வீரப் படைத்தலைவர்போல உயர்வாகவும் எழுதப்படுவதைச் சுட்டினார். 1994இல் வந்த அவருடைய ‘ஃப்ளெக்சிபிள் பாடீஸ்’ நூல் இன்னொரு பொறியையும் காட்டுகிறது. கோட்டைக்குப் பதிலாக வளைந்து கொடுக்கும் உடல் என்ற உருவகம் வந்தபோது, அது வளைந்து கொடுக்கும் தொழிலாளியைத் தேடிய சந்தைக்கும் வசதியாகப் பொருந்தியது. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் எச்சரிக்கை இதுவே. ஓர் உருவகத்தைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டுவதால் மட்டும் விடுதலை வருவதில்லை.

அதே 1994இல் பாலி மட்ஸிங்கர் தன்–பிற பிரிவினையையே கேள்வி கேட்டார். மதுக்கூடத்தில் பரிமாறுபவராக வேலை செய்து, பிறகு ஆய்வுக்கு வந்தவர் அவர். ஆய்வுரையில் ‘நான்’ என்று எழுதத் தயங்கித் தன் நாயின் பெயரை இணையாசிரியராகச் சேர்த்தவரும் அவரே. உடல் அயலானைத் தேடித் தாக்குவதில்லை, திசு சேதமடையும்போது எழும் ஆபத்துக் குறிப்புக்கே எழுகிறது என்றார். இதைத் துறையில் எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் வந்தவர் யார் என்ற கேள்வியை விட்டு, இங்கே என்ன தீங்கு நடக்கிறது என்று கேட்கச் சொன்னது பெரிய திருப்பம். பிறந்த வீட்டில் அயல் வீட்டுக்குப் போகிறவளாகவும், புகுந்த வீட்டில் அயலிலிருந்து வந்தவளாகவும் எண்ணப்படும் பெண்ணுக்கு இந்தக் கேள்வி மாற்றத்தின் அருமை தெரியும்.

கோட்டை மொழியின் விலையை நோயாளிகளும் கொடுக்கிறார்கள். லூபஸ், முடக்குவாதம், தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ போன்ற நோய்களில் எதிர்ப்பாற்றல் சொந்தத் திசுவை நோக்கித் திரும்புகிறது. இவ்வகை நோயுள்ள ஐந்து பேரில் ஏறத்தாழ நால்வர் பெண்கள். லூபஸில் பத்துக்கு ஒன்பது பேர். இதற்குத் தமிழில் ‘தன்னுடல் தாக்கு நோய்’ என்று பெயர். ‘உன் உடம்பே உனக்கு எதிரியாகிவிட்டது’ என்று விளக்கமும் சொல்கிறோம். தன் உடலை நம்பாதே என்று பூப்பெய்திய நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவளுக்கு இது இன்னொரு தீர்ப்பாக விழுகிறது. அதிகம் யோசிக்கிறாய், கோபப்படுகிறாய், அதனால்தான் வந்தது என்று வீடும் சேர்ந்துகொள்கிறது. இதற்கு மனப்போக்கைக் காட்டிலும் எக்ஸ் குரோமோசோமிடம் கேட்பது நல்லது. பெண் அணுக்களில் இரண்டு எக்ஸ்களில் ஒன்றை அடக்கிவைக்கும் ‘சிஸ்ட்’ என்ற ஆர்.என்.ஏ.வும் அதனுடன் ஒட்டிய புரதங்களும் இந்த நோய்களைத் தூண்டலாம் என்று 2024இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள்.

தாய்மையை எல்லாம் பொறுக்கும் அன்பாக உயர்த்திவைக்கவும் நான் வரவில்லை. ஆர்.எச். நெகட்டிவ் தாய்க்கு ஆர்.எச். பாசிட்டிவ் குழந்தை பிறக்கும்போது அவள் உடல் டி ஆன்டிஜெனை அறிந்து நினைவில் வைக்கலாம். அடுத்து வரும் பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி தாண்டிச் சென்று அழிக்கும். பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போடும் ஆன்டி-டி ஊசி இதைத் தடுக்கிறது. 1968இலிருந்து அது புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்பு ‘ராசியில்லாதவள்’ என்று எத்தனை பேர் தள்ளிவைக்கப்பட்டிருப்பார்கள்? அந்த ஆன்டிஜென் தந்தை வழியில் வந்தது என்பதை யாரும் சபையில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் பொருந்தும் சொல் என்ன? தொல்காப்பியம் உழிஞைக்கு நிகரான அகத்திணையாக மருதத்தை வைக்கிறது. மதில் முற்றுகைக்கு இணை ஊடல். கருப்பையில் நடப்பதை ஊடல் என்று சொல்லலாமா என்று நினைத்ததுண்டு. ஆனால் மருதத்தின் ஊடல் பெரும்பாலும் ஆணின் பரத்தமையைப் பெண் பொறுத்துக்கொள்வதில் தணிகிறது. அந்தத் தணிவை உடலியலுக்குள் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

அறிவியல் தமிழ் இங்கே தரும் சொல் ‘சகிப்புத்தன்மை’. நான் இறுதியாகச் சண்டையிட விரும்புவது இந்தச் சொல்லோடுதான். சகித்துக்கொள் என்பது நம் பெண்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம். அதில் வேலை இல்லை, முடிவு இல்லை, விலகும் உரிமை இல்லை. உடலில் நடப்பது அதுவா? தைமஸில் வேறு வேலைக்குத் திருப்பப்பட்ட அணுக்கள் என்றேனே, அவை ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள். 1995இல் ஷிமோன் சகாகுச்சி அவற்றை அடையாளம் காட்டினார். 2001இல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதானால் உடல் தன்னையே தாக்கும் என்று கண்டார்கள். அவற்றை ஆளும் மரபணு அதுவே என்று பிறகு தெரிந்தது. 2025இன் நோபல் பரிசு இம்மூவருக்கும் கிடைத்தது. கருவுற்ற காலத்தில் பெருகும் இந்த அணுக்கள் ஒவ்வொரு நாளும் ஆன்டிஜென்களைப் பார்த்து, எடைபோட்டு, எங்கே அடக்க வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் செயல்படுத்துகின்றன. வேலை நின்றால் உடல் சிதைகிறது.

இதற்குச் சகிப்பு என்று பெயரிட்டால் அந்த உழைப்பு முழுவதும் மறைந்துபோகும். இந்த நூலைக் கையில் வைத்திருக்கும் மாணவிகளில் யாரேனும் ஒருத்தி நாளை நோயெதிர்ப்பியலைத் தமிழில் எழுதுவாள். அவளிடம் நான் கேட்பது இரண்டே. தாக்காமல் இருப்பதைச் செயலின்மை என்று எழுதாதே. அறிந்து ஏற்பதைச் சகிப்பு என்று எழுதாதே. ‘ஏற்பு’ என்ற எளிய சொல் நம்மிடம் இருக்கிறது. ஏற்பவருக்கு மறுக்கவும் தெரியும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.