குறள் கூறும் 'மண்' அரணும் கொங்கு நாட்டு மண்கோட்டைகளும்

திருக்குறளின் 75ஆம் அதிகாரமாகிய 'அரண்' என்பதன்கண், 742ஆம் குறள் நீர், மண், மலை, நிழற்காடு என்னும் நான்கனையும் உடையதே அரண் என்கின்றது. இவற்றுள் 'மண்' என்பதற்குப் பரிமேலழகர், நீரும் நிழலும் இல்லாத மருநிலம் எனப் பொருள் கொண்டார். மதிற்புறத்தே அத்தகைய வெளி இருப்பின் பகைவர் அரணை அணுகித் தங்கல் இயலாது என்பது அவர் கருத்து. இதனை மண்ணாலாகிய மதில் எனக் கொள்ளல் ஆகாதோ என்னும் ஐயம் கொங்கு நாட்டுக் கோட்டைகளை அறிந்தார்க்கு எழுதல் இயல்பு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

வெள்ளகோவிலுக்குத் தென்மேற்கே அமராவதிக் கரையில் அமைந்த தாராபுரத்தும், வடக்கே காவிரிக் கரையில் அமைந்த ஈரோட்டினும் மண்கோட்டைகள் இருந்தன. இத்தகைய கோட்டை எழுப்பும் முறை எளிது. அகழ்ந்த பள்ளம் அகழியாகும். அதினின்று எடுத்த மண்ணே உட்புறம் குவிக்கப்பெற்று மதிலாகும். ஒரு தொழிலால் இரண்டு அரண் அமைகின்றன. அகழியின் ஆழம் கூடுந்தோறும் மதிலின் உயரமும் கூடும். குறளில் நீரும் மண்ணும் அடுத்தடுத்து நிற்றலை நோக்குவார், அவை அகழியும் மண்மதிலுமே எனத் துணிதற்கு இதுவே வலிய சான்றாகத் தோன்றும்.

எனினும் அத்துணிபு பொருந்தாது என்பதே எம் கருத்து. காரணம் இரண்டு. முதலாவது, உயர்வு, அகலம், திண்மை, அருமை என்னும் மதிலின் இயல்புகளை அடுத்த குறளே தனித்துக் கூறுகின்றது. முன்னர் மதிலைக் கூறியிருப்பின் இங்ஙனம் பிரித்து ஓதல் வேண்டா. இரண்டாவது, மலையும் காடும் இயற்கை அரண்கள். அவற்றொடு ஒருங்கு எண்ணப்பெற்ற மண்ணும் இயற்கை நிலமாதலே முறை.

மருநிலம் எவ்வாறு அரணாகும் என்பதை வெள்ளகோவில் வட்டாரமே காட்டும். நொய்யலுக்கும் அமராவதிக்கும் இடைப்பட்ட இம்மேட்டு நிலம் மழை குறைந்தது. கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் வெள்வேல மரங்கள் இடையிட்டு நிற்கும். கோடையில் ஒரு படை ஈண்டுப் பல நாள் தங்க வேண்டின் நீரைத் தொலைவினின்று சுமந்தே கொணர்தல் வேண்டும். முற்றுகையிட வந்தவன் தானே முற்றுகைப்பட்டவன் போல் வருந்துவன். உரையாசிரியர் கூற்று வெறும் சொற்பொருள் அன்று, போர்முறை அறிந்து கூறியது என்பது இதனாற் போதரும்.

ஆயின் மண்கோட்டைகளால் இலக்கியப் பயிற்சிக்குப் பயன் இல்லையோ எனின், உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியலில் உழிஞைத் துறைகளுள் 'பாசி' என்பது ஒன்று. அகழி நீரில் இருதிறத்தாரும் பொருதலைக் குறிப்பது அது. கல் விழுந்துழி விலகிப் பின் கூடும் பாசிபோல் வீரர் விலகியும் கூடியும் பொருதலின் அப்பெயர் பெற்றது. ஓடாது தேங்கிய, பாசி படர்ந்த அகழியைக் கண்டார்க்கன்றி இப்பெயரின் நயம் முழுதும் விளங்காது. இக்கோட்டைகள் காலத்தாற் பிற்பட்டவை. ஆதலின் பழஞ்சொல்லின் பொருளை அவை மெய்ப்பியா. அரண் தொழிற்படும் வகையை விளக்குதலே அவற்றால் ஆவது. இவ்வெல்லையைக் கடந்து சான்று தேடுவது ஆராய்ச்சி நெறி ஆகாது.

அவ்விளக்கமும் இன்று அருகி வருகின்றது. தாராபுரக் கோட்டை மைசூர்ப் போர்களிற் பலகால் கைமாறி 1792இல் தகர்க்கப்பட்டது. ஈரோட்டுக் கோட்டை 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக மண்வெட்டி கொண்டு சமன் செய்யப்பட்டது. பசித்தார்க்குக் கூலி தந்த அச்செயலை யாம் பழித்தல் தகாது. ஆயினும், கற்கோட்டை இடிந்தும் சுவடு காட்டும். மண்கோட்டையோ உழுநிலத்தொடு கலந்து விடும். எனவே புறத்திணை பயிலும் மாணவர், எஞ்சிய மேடுகளையும் பள்ளங்களையும் அளந்து, 'கோட்டைமேடு' போலும் இடப்பெயர்களைத் தொகுத்துப் பதிவு செய்தல் வேண்டும். உரைகளை ஏற்றற்கும் மறுத்தற்கும் நூலறிவோடு நிலத்தறிவும் வேண்டப்படும் என்க.