ஃபேனி ஃபெர்னின் நகைச்சுவை

அமெரிக்கப் பத்திரிகையுலகில் நகைச்சுவையைத் தொழிலாகக் கொண்டு புகழ் ஈட்டிய ஆதிப் பெண் எழுத்தாளர்களுள், ஃபேனி ஃபெர்ன் என்ற புனைபெயர் பூண்ட சாரா வில்லிஸுக்குத் தனி ஸ்தானம் உண்டு. 1811இல் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில் பிறந்து, 1846இல் கணவரை இழந்து, மறுமணமும் முறிந்துபோக, தையல் வேலையால் வயிறு வளர்க்க முயன்றும் இயலாமல், இரு பெண் குழந்தைகளின் பொருட்டு 1851இல் பேனா பிடித்தவர் அவர். பிரசித்தி பெற்ற பத்திரிகையாசிரியரான சொந்தத் தமையன் நதானியேல் வில்லிஸே அவர் எழுத்தைப் புறக்கணித்தார்; ஆயினும் பாஸ்டனின் சிறு பத்திரிகைகளில் சொற்பச் சன்மானத்துக்கு எழுதத் தொடங்கிய அவருடைய கதைக்கு, 1855இல் 'நியூயார்க் லெட்ஜர்' பத்திக்கு 100 டாலர் வீதம் அளித்தது.

அவருடைய பலம், கருத்தை விட்டுப் பொருளைப் பற்றிக்கொள்ளும் சுபாவத்திலே இருக்கிறது. ஆண் உடை தரித்த குற்றத்துக்காக ஒரு பெண் கைதானாள் என்ற செய்தியை 1858இல் படித்த அவர், பெண்ணுரிமையைப் பற்றி உபந்நியாசம் செய்யப் புகாமல், பின்னர் மணந்த கணவரின் உடையைத் தாமே அணிந்து மழை பெய்யும் இரவில் அவருடன் உலாவிவந்து, நனைந்து கனக்கும் பாவாடையின் தொல்லையின்றிக் கால் வீசி நடக்கும் சுகத்தை எழுதினார். சிரித்துக்கொண்டே படிக்கும் வாசகர், சட்டத்தின் அநியாயத்தைத் தாமாகவே உணர்ந்துவிடுகிறார்.

அந்தப் பிடி நழுவும் இடங்களில் எழுத்தும் தளர்ந்துவிடுகிறது. 1853இல் வந்த முதல் தொகுப்பின் பெரும்பகுதியை நிரப்பும் சோகச் சித்திரங்களில், இறக்கும் குழந்தையும் ஏங்கும் விதவையும் முகமற்ற உருவங்களாய் நின்று கண்ணீரை யாசிக்கின்றனர். 1856 முதல் 1872இல் இறக்கும் வரை வாரந்தோறும் 'லெட்ஜரில்' எழுதியாக வேண்டிய நிர்ப்பந்தமோ, ஒரே விஷயத்தைப் பன்முறை சொல்லவும் வைத்தது.

1854இன் இறுதியில் வெளியான 'ரூத் ஹால்' நாவலில் குணமும் குறையும் அருகருகே நிற்கின்றன. தமையனைச் சித்திரிக்கும் பாத்திரத்தில் துவேஷம் மேலோங்கி, மனிதனுக்குப் பதிலாக ஒரு பொம்மையே எஞ்சுகிறது. ஆனால், விதவையான கதாநாயகிக்கு மறுமணத்தைப் பரிசாக அளிக்கும் வழக்கத்தை உதறி, அவள் எழுதிச் சம்பாதித்த பணத்தில் வாங்கிய வங்கிப் பங்குப் பத்திரத்தை அதன் வாசகத்தோடு அப்படியே பக்கத்தில் பதித்துக் காட்டிய துணிவு, பெண்ணின் சுயாதீனத்தைப் பற்றிய எத்தனையோ பிரசங்கங்களினும் வலியது.

ஆகவே கண்ணீர்ச் சித்திரங்களை ஒதுக்கிவைத்து, பாவாடையையும் பணப்பையையும் பங்குப் பத்திரத்தையும் பேசும் பக்கங்களைக் கொண்டே அவரை மதிப்பிடுதல் நியாயம். வீட்டுக்குள் அற்பமெனத் தள்ளப்பட்ட பொருள்களைப் பொதுவாழ்வின் வழக்குகளாக்கி வாசகர் முன் நிறுத்தியதே அவர் செய்த அரும்பணி. அதற்கு அவருடைய குறைகள் எவையும் குந்தகம் விளைவிக்கமாட்டா.