புல்லை மீட்கும் கரண்டி, மண்ணை மீட்குமா?

என் வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் ஒரு புதுமாதிரிக் கரண்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அவர் தம் கையாலேயே செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி ஓர் உலோகங்காண் கருவி அமைத்திருப்பவர். மண்ணுள் இருக்கும் பொருளைத் தோண்டி எடுப்பதற்கென்றே வெளிநாட்டில் செய்யப்பட்ட இந்தக் கரண்டியைத் தபாலில் வரவழைத்திருக்கிறார். "வாங்கியது சரிதானா, சார்? இல்லை, நாமே செய்துகொள்ளலாமா?" என்பது அவர் கேள்வி. பிற மாணவர்களுக்கும் இக்கேள்வி எழக்கூடும் என்பதால் என் விடையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பாருங்கள். பதினெட்டு செ.மீ. நீளமுள்ள குழிவான தகடு, நுனி கூர்மை, ஒரு விளிம்பில் அரம்பம்போல் பற்கள், உள்பக்கத்தில் ஆழம் அளக்கக் கோடுகள். பயன்படுத்தும் முறை எளிது. கருவி ஒலித்த இடத்தைச் சுற்றி மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல்போல் விட்டு, புல்லும் வேரும் மண்ணும் சேர்ந்த கட்டியை மூடிபோல் திறக்கவேண்டும். பொருளை எடுத்தபின் மூடியைக் கவிழ்த்து மிதித்துவிட்டால், சில நாளில் புல் பழையபடி வளர்ந்துவிடும். ஆண்டு முழுவதும் ஈரமும் அடர்ந்த புல்லும் உள்ள இங்கிலாந்து மேய்ச்சல் நிலங்களுக்கு ஏற்ற நல்ல ஏற்பாடு இது. மண்வெட்டியால் கண்டபடி கொத்திப் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

இதன் அமைப்பிலும் பௌதிகம் தெரிந்தவர் கை இருக்கிறது. நாம் கையால் 20 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்துவதாகக் கொள்வோம். 6 செ.மீ. அகலமும் 3 மி.மீ. தடிப்பும் உள்ள மழுங்கிய விளிம்பில் அவ்விசை 1.8 சதுர செ.மீ. பரப்பில் பரவுகிறது, அழுத்தம் சதுர செ.மீ.க்கு 11 கிலோ. அதே விசை, 1 செ.மீ. அகலமும் 1 மி.மீ. தடிப்பும் உள்ள நுனியில் விழுந்தால் 200 கிலோ! தகட்டைக் குழிவாகச் செய்ததும் வீணன்று. ஓர் அஞ்சலட்டையின் ஓரத்தைப் பிடித்து நீட்டுங்கள், தொங்கிவிடும். நெடுக்குவாட்டில் சற்றே வளைத்துப் பிடியுங்கள். ஒரு பேனாவைக்கூடத் தாங்கும்.

பதினெட்டு செ.மீ. போதுமா என்று மாணவர் ஐயுற்றார். போதும். சுருளின் ஆரத்தைவிடத் தொலைவு மிகும்போது, அதன் காந்தப் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அப்புலம் காசில் தூண்டும் சுழல் மின்னோட்டம் தன் புலத்தைத் திருப்பி அனுப்பும்போது மறுபடியும் அதே குறைவு. ஆக மொத்தம் ஆறாம் அடுக்கு! ஆழம் இரட்டிப்பானால் குறிப்பொலி 64இல் ஒரு பங்காகிவிடுகிறது. இவ்வகைக் கைக்கருவிக்குத் தனிக் காசு எட்டும் ஆழம் ஏறத்தாழ ஒரு சாண்தான். முப்பதடி ஆழத்துத் தங்கத்தையும் காட்டும் என்று கைப்பிடிக்குள் அடங்கும் பெட்டிகளை விற்கிறார்களே, அவர்களிடம் இந்த ஆறாம் அடுக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

இனிக் குறைகளுக்கு வருவோம். இது துருப்பிடிக்காத எஃகு; காந்தத்தில் ஒட்டாது; ஆகவே உலோகங்காண் கருவியைக் குழப்பாது என்கிறது உடன் வந்த துண்டுத்தாள். முதல் இரண்டும் சரி, மூன்றாவது தவறு. சுழல் மின்னோட்டம் தோன்றக் காந்தத்தன்மை வேண்டியதில்லை, மின்கடத்தும் தன்மை போதும். தங்கமும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டுகின்றனவா என்ன? கரண்டியைச் சுருளுக்கு அருகே கொண்டுசென்றதும் கருவி கூவியது. சோதிக்கும்போது கரண்டியைத் தள்ளி வைப்பதே வழி.

மற்றொன்று அந்தக் கூர்நுனி. சுருளின் விட்டம் 20 செ.மீ. என்றால், காசு சரியாக எங்கே என்பதில் சில செ.மீ. ஐயம் எப்போதும் உண்டு. கடினத்தன்மையை ஒன்றிலிருந்து பத்துவரை அளக்கும் மோ அளவையில் பொன்னும் வெள்ளியும் மூன்றை எட்டுவதே அரிது. எஃகோ ஐந்தைத் தாண்டுகிறது. நுனி காசின்மேல் பட்டால் கீறல் விழுவது எதில் என்று சொல்லவேண்டியதில்லை.

அடுத்து நம் மண். மயிலாப்பூர் கடலோர ஊர். பல தெருக்களில் இரண்டடி தோண்டினால் மணல்தான். பட்டினப்பாக்கம் கரையில் உலர்ந்த மணலில் கரண்டியை இறக்கிப் பார்த்தோம். கட்டியாவது, மூடியாவது! வெட்டிய பள்ளம் கண்முன்னே சரிந்து நிரம்பியது. உலர்ந்த மணல் ஏறத்தாழ 32 பாகைச் சாய்வுக்குமேல் நிற்காது. 20 செ.மீ. ஆழத்தை எட்டவேண்டுமானால் வாயில் 64 செ.மீ. விட்டமுள்ள புனல் தோன்றிவிடும். அகற்றவேண்டிய மணல் 21 லிட்டர். கரண்டி வெட்டுவதாகச் சொல்லும் 10 செ.மீ. விட்டக் கட்டியோ ஒன்றரை லிட்டர்தான். அலை நனைக்கும் இடத்தில் மணல்துகள்களுக்கிடையே உள்ள நீரின் பரப்பு இழுவிசை சற்றுப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் அங்கே உப்புநீரும் கருமணலும் கருவியையே குழப்பிவிடும். மணலுக்கு ஏற்றது துளையிட்ட அரிகரண்டி. வீட்டில் எண்ணெய்ச் சட்டியருகே தொங்குகிறதே, அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்துகொள்ளலாமா என்றால், செய்யலாம். இரண்டங்குல இரும்புக் குழாயை நெடுக்கில் பிளந்து, ஒரு முனையை அராவி, மறுமுனையில் கைப்பிடியைப் பற்றவைத்தோம். முதல் வேரிலேயே விளிம்பு மடங்கியது. இரண்டாம் நாள் கழுத்தில் பற்றுவைப்பு விட்டுப்போயிற்று. நெம்பும்போது வளைக்கும் திருப்புத்திறன் மிகுதியாக விழுவது கழுத்தில்தான். பலவீனமான இணைப்பையும் அங்கேயே வைத்தது என் பிழை. பிறகு, எங்கள் ஊர்க் கொல்லுப் பட்டறையில் லாரியின் பழைய பட்டை ஸ்பிரிங்கைக் காய்ச்சி, தகடும் கைப்பிடித் தண்டும் ஒரே துண்டாக அடித்து வாங்கினோம். அது இன்றும் உழைக்கிறது. மாணவரின் தாயார் கொல்லையில் தொலைத்த வெள்ளி மெட்டி, அந்தக் கரண்டியால்தான் துளசிமாடத்தருகே நான்கு விரற்கடை ஆழத்தில் கிடைத்தது. இப்படித் தொலைந்த பொருளைத் தேடவும் செடி பெயர்த்து நடவும் இக்கருவியை நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

ஆனால் துண்டுத்தாளின் கடைசி வரி, தோண்டிய இடம் தோண்டாததுபோலவே ஆகிவிடும் என்று உறுதி கூறுகிறது. என் முக்கியமான மறுப்பு இதன்மேல்தான். மீள்வது புல் மட்டும்.

மண் அடுக்கடுக்காகப் படிந்தது. எந்தப் பொருள் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதே அதன் காலத்தைச் சொல்லும் சாட்சி. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த, மாக்கோதை என்ற பெயர் பொறித்த காசுகளை எண்ணிப் பாருங்கள். சேர வரலாற்றுக்கு அவை பெரும் செல்வம். ஆனால் ஆறு அவற்றை அடுக்கிலிருந்து பிரித்துவிட்டதால், எழுத்தின் வடிவையும் காசின் அமைப்பையும் கொண்டே காலம் கணிக்கவேண்டியிருக்கிறது. பழனிக்கு அருகே பொருந்தலில், புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் 2009-10இல் அகழ்ந்த ஈமக்குழியில் ஒரு சாடி நிறைய நெல் இருந்தது. கார்பன் முறையில் அதன் காலம் கி.மு. 490 என்று தெரிந்தது. அதே குழியில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த மட்கலத் தாங்கியும் இருந்ததால், அந்நெல்லின் காலம் எழுத்துக்கும் காலமாயிற்று. நெல்லுக்கு உலோகங்காண் கருவி ஒலிக்குமா? 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழியில் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரிக்குத்தான் ஒலிக்குமா? ஒலித்த இடத்தைச் சுற்றி இக்கரண்டி வெட்டும் ஒவ்வொரு கட்டியிலும் ஒலிக்காத பொருள்களே மிகுதி. அகழ்வாய்வாளர் கொத்தனார் கரண்டியின் விளிம்பால் மண்ணைத் தோல் உரிப்பதுபோல் சீவுவதும், குழிச்சுவரைச் செங்குத்தாக வைத்து அடுக்குகளை வரைவதும் இதனால்தான். அங்கே குத்தி நெம்பும் கருவிக்கு இடமில்லை.

இங்கிலாந்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1992 நவம்பரில் ஹாக்ஸ்ன் என்ற சிற்றூரில் ஒருவர், நண்பரின் தொலைந்த சுத்தியலைத் தேடப்போய் ரோமானியர் காலப் பொன், வெள்ளிக் காசுகளைக் கண்டார். சிலவற்றை எடுத்தவர், புதையல் பெரிது என்று தெரிந்ததும் தோண்டுவதை நிறுத்திச் செய்தி அனுப்பினார். அகழ்வாய்வாளர்கள் வந்து எஞ்சியதை முறைப்படி எடுத்தபோது ஏறத்தாழ 15,000 காசுகளோடு, அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் சுவடும், பொருள்களுக்கிடையே திணித்த வைக்கோலின் எச்சமும் தெரிந்தன. கரண்டியால் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கியிருந்தால் பெட்டியும் வைக்கோலும் மண்ணோடு மண்ணாகியிருக்கும். சுத்தியலும் பின்னர் அகப்பட்டது. இன்று அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் இது விருப்பத்தைப் பொறுத்ததும் அன்று. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டவர் அதன் தன்மை, இடம், நாள் ஆகியவற்றை எழுதி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தாலும் 1966ஆம் ஆண்டு தமிழகச் சட்டத்தாலும் தண்டனைக்குரியது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணைச் சீர்செய்த தொழிலாளர்களுக்கு ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன; அவை முறைப்படி ஒப்படைக்கப்பட்டன.

மயிலாப்பூரும் பழைய ஊர்தான். தாலமி குறிப்பிடும் மலியார்பா இதுவே என்று கருதும் அறிஞர் பலர். ஆகவே மெட்டி கிடைத்த அன்று, "கொல்லையில் இன்னும் ஆழமாகப் பார்க்கலாமே, சார்" என்று மாணவர் கேட்டபோது, மெட்டி தொலைந்தது மூன்று மாதத்துக்கு முன். அதற்குக் கீழே உள்ள மண் நமக்குச் சொந்தமான கணக்கில் சேராது என்றேன். அவர் முகம் சற்று வாடியது உண்மை. வெளிநாட்டுக் கரண்டியின் நுனியை அரத்தால் வட்டமாகத் தேய்த்துக் கொடுத்தேன். அதைக்கொண்டுதான் அவருடைய தாயார் இப்போது கனகாம்பர நாற்றுகளைப் பெயர்த்து நடுகிறாராம்.