ஊதுவோர் பலர், ஒலி யாருடையது?

முகூர்த்த மாதங்களில் மல்லாபூர்த் தெருக்களில் மாலை வேளையில் நடந்தால் பாண்டு வாத்தியம் காதில் விழாமல் வீடு திரும்ப இயலாது. ட்ரம்பெட், யூபோனியம், டிரம் எனக் கருவிகள் எல்லாக் குழுவிலும் ஒன்றே. பாடல்களும் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் ஒரு குழு நம்மை வாசலுக்கு இழுக்கிறது; மற்றொன்று சன்னலைச் சாத்த வைக்கிறது. கருவியின் தரம், ஊதுவோரின் பயிற்சி என்று காரணம் கூறுவர். அவையும் உண்மையே. ஆனால் முன்னின்று நடத்துபவரின் செவியே ஒரு குழுவின் ஒலியை ஆக்குகிறது என்பது என் துணிபு.

இதற்குச் சான்று தேடின் இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டும். பித்தளைக் கருவிகள் மட்டும் கொண்ட பாண்டு அங்கே சுரங்கத் தொழிலாளரிடமும் ஆலைத் தொழிலாளரிடமும் செழித்து வளர்ந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து பேர் கொண்ட குழு. கிளாரினெட், புல்லாங்குழல் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. போட்டியில் எல்லாக் குழுக்களும் ஒரே உருப்படியை வாசிக்க, நடுவர்கள் மறைப்புக்குள் அமர்ந்து ஒலியை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிப்பர். (நம் விழாப் போட்டிகளுக்கும் அம்மறைப்பு வந்தால் எத்தனை மனத்தாங்கல்கள் குறையும்!) லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த தேசியப் போட்டியில் 1905 முதல் 1909 வரை இர்வெல் ஸ்பிரிங்ஸ், விங்கேட்ஸ் டெம்பரன்ஸ், ஃபோடன்ஸ் என்னும் மூன்று குழுக்கள் மாறி மாறி வென்றன. ஐந்தாண்டும் கோல் பிடித்தவர் வில்லியம் ரிம்மர் ஒருவரே. நல்ல குழுக்களே அவரை நாடின என்று சொல்லலாம். அப்படியும் அந்த ஒற்றுமையை வெறும் தற்செயலென்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

ஒரே குழுவுக்குத் தலைவர் மாறினால் என்ன ஆகும்? 1917இல் தோன்றிய கிரைம்தோர்ப் சுரங்கக் குழுவைப் பார்ப்போம். 1970களின் தொடக்கத்தில் எல்கர் ஹோவர்த் அதன் இசைப்பொறுப்பை ஏற்றார். அவரே ட்ரம்பெட் கலைஞர். புதிய இசையில் நாட்டம் மிக்கவர். 1973இல் ஹாரிசன் பர்ட்விஸில் இக்குழுவுக்கென்றே ‘கிரைம்தோர்ப் ஏரியா’வை இயற்றினார். அணிநடையும் துதிப்பாடலும் பழகிய அதே பித்தளை, அதில் இருண்டு, நெடுமூச்செறிந்து, சுரங்கத்தின் அடியிலிருந்து வருவது போல ஒலிக்கிறது. கருவிகளுக்குள் அக்குரல் முன்பே இருந்தது; அதைக் கேட்க ஒருவர் வரவேண்டியிருந்தது.

நடத்துபவர் செய்வது காலத்தைக் காட்டுவது மட்டுமன்று. எங்கே மூச்செடுப்பது, ஒருவர் மூச்செடுக்கையில் யார் ஒலியைத் தாங்குவது, மேலே மினுங்கும் கார்னெட்டுக்கு அடியில் நடுக்குரல்கள் அமிழாமல் எப்படிக் காப்பது ஆகியவை அவர் பொறுப்பு. செவி மந்தமான தலைவரிடம் உச்சக்குரல் மட்டுமே மிஞ்சும்.

நம் ஊர்வலப் பாண்டில் நிலைமை வேறு. இங்கே மாஸ்டர் பெரும்பாலும் கோல் பிடிப்பதில்லை; தம் கருவியை ஊதிக்கொண்டே முன்செல்கிறார். ஆகவே குழுவின் ஒலி அவர் கருவியின் குணத்தையே பற்றிக்கொள்கிறது. மாஸ்டர் ட்ரம்பெட்காரர் என்றால் ஏனையோரும் அவருக்கு ஈடாக முழங்குவர், தெருவே அதிரும். கிளாரினெட்காரர் என்றால் பித்தளை தானே அடங்க வேண்டும்; இல்லையேல் தலைவர் குரலே கேளாது. மேலும் கிளாரினெட்டில் சுரத்தை வழுக்கி வளைப்பது எளிது. மூன்று வால்வு கொண்ட ட்ரம்பெட்டில் அது அரும்பாடு. கமகம் தோய்ந்த மெட்டு யார் கையில் பிழைக்கும் என்பது இதனால் விளங்கும்.

தலைமை மாறினால் மெட்டின் நடையே மாறும் என்பதற்கு நம்மிடமும் பழைய சான்றுண்டு. ஆங்கிலேயர் பாண்டு முழங்கிய அரச வாழ்த்தின் மெட்டில் முத்துசுவாமி தீட்சிதர் ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்னும் நோட்டுஸ்வரத்தை அமைத்தார். சுரங்கள் ஏறக்குறைய அவையே. ஆனால் வடமொழிச் சொற்களின் நெடிலும் குறிலும் தாளத்தைக் கையிலெடுத்துக்கொள்ள, சிப்பாயின் காலடி அங்கே ஓய்ந்துவிடுகிறது.

இத்தெருவில் நான் கேட்ட ஊர்வலம் ஒன்றில் முதிய மாஸ்டர் ஒருவர் கிளாரினெட் வாசித்து வந்தார். கோயில் முன் திருப்பத்தில் கருவியை வாயினின்று எடுக்காமலே இடக்கை விரல்கள் இரண்டை உயர்த்தினார். டிரம் அடங்கியது, ட்ரம்பெட்டுகள் தாழ்ந்தன. அதுவரை எவர் காதிலும் விழாதிருந்த யூபோனியம் சரணத்தை எடுத்து, சன்னிதி கடக்கும்வரை தனியே பாடிச் சென்றது.