தன்ராஜ் பிள்ளையின் ஓட்டம்

நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டி என்று 1989 முதல் 2004 வரை இந்திய ஹாக்கியின் முன்களத்தில் நின்றவர் தன்ராஜ் பிள்ளை. 339 சர்வதேச ஆட்டங்கள் ஆடியும் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட அவருக்கு இல்லை. அவர் ஆடிய நான்கு ஒலிம்பிக்கிலும் இந்தியா ஏழாம் இடத்தையோ எட்டாம் இடத்தையோதான் பிடித்தது. இதைக் காட்டி, பந்தைத் தனியாளாகக் கொண்டு ஓடும் அவருடைய ஆட்டமுறை காலங்கடந்தது, அணியின் கட்டமைப்பைக் குலைத்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்டமுறையில் குறை உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தோல்விக்கான பழியை அதன்மேல் சுமத்துவது நியாயமாகப் படவில்லை.

முதலில் அந்த ஓட்டம் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. வலது ஓரமாக, குனிந்த முதுகோடு, பந்தைத் தன் வலக்கை ஓரத்தில் வைத்தபடி தன்ராஜ் பாய்ந்து வரும்போது, எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரருக்கு அது இடப்பக்கம். மட்டையைத் திருப்பிப் பிடித்துத்தான் பந்தைத் தொட முடியும். அந்த அரை நொடித் தாமதம் போதும், அவர் கடந்துவிடுவார். 'டி' வட்டத்துக்குள் தடுமாறும் காலில் பந்து பட்டால் பெனால்டி கார்னர். 90களின் பிற்பாதியில் ஆஃப்சைடு விதி போனபின், தற்காப்பு வரிசை பின்வாங்கி நடுக்களம் திறந்துகொண்டது. வேகமாக ஓடுபவருக்கு அது வாய்ப்பான காலம். ஆகவே அந்த ஓட்டத்தைப் பழங்கால மிச்சம் என்று தள்ளிவிட முடியாது. அவர் சுமார் 170 கோல் அடித்ததாகச் சொல்கிறார்கள். அந்த எண்ணை வைத்தும் அவரை எடைபோட இயலாது. அவர் ஓடிப் பெற்றுத்தந்த பெனால்டி கார்னர்களும், கடைசி நொடியில் பக்கத்தில் தள்ளிவிட்ட பந்துகளும் அந்தக் கணக்கில் வராது.

குறைக்கு வருவோம். செயற்கைத் தரையில் மனிதனைவிடப் பந்து வேகமாகப் போகும். ஜெர்மனியும் நெதர்லாந்தும் இதை அறிந்து, பந்தை ஓடவிட்டு ஆட்களுக்குரிய இடத்தைக் காத்தன. இந்தியாவில் நடந்தது வேறு. தன்ராஜ் ஐந்து பேருக்கு நடுவே பந்தை இழக்கும்போது அவரைப் பின்தொடர்ந்து முன்னேறியவர்களின் முதுகுக்குப் பின்னால் பாதிக் களம் காலியாகக் கிடக்கும். எதிரணிக்கு அது திறந்த வாசல். அவர் இன்னும் முன்னதாகப் பந்தைக் கொடுத்திருக்கலாம் என்ற புகாரும் பல ஆட்டங்களில் சரியே. ஆனால் வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் நிற்பதற்கு ஏற்பாடு வேண்டும். அது பயிற்சியாளரும் ஹாக்கிச் சம்மேளனமும் செய்ய வேண்டிய வேலை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தோடு முன்னிலையில் இருந்து, கடைசி நிமிடங்களில் கோல் வாங்கி 1-1 என்று முடித்ததில் அரையிறுதி கைநழுவியது. அங்கே தேவைப்பட்டது பந்தைப் பூட்டிவைக்கும் ஒழுங்கு. அதை ஒரு முன்கள வீரரின் கால்களிடம் எதிர்பார்க்க முடியாது.

திறமையான அணித்தலைவராக இருந்திருந்தால் அவரே அதைச் சரிசெய்திருப்பார் என்று வாதிடலாம். ஆனால் அவர் தலைமையில்தான் 1998இல் பாங்காக்கில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு, இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றது. 2003இல் ஆசியக் கோப்பையையும் வென்றது. பாங்காக் தங்கத்துக்குப் பிறகு நடந்ததோ வேதனையானது. அவரும் வேறு சில மூத்த வீரர்களும் அடுத்த தொடரில் அணியிலேயே இல்லை. ஓய்வு என்று காரணம் சொல்லப்பட்டது. படித்தொகை குறித்துக் கேள்வி கேட்டதற்கான தண்டனை அது என்றே பலர் கருதினார்கள். ஜெயித்த அணியைச் சேர்த்துவைத்து வளர்க்கத் தெரியாத இடத்தில், ஒரு தலைவர் எந்த ஒழுங்கை நிலைநாட்டியிருக்க முடியும்? அதன்பின்னும், 2002இல் கொலோனில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில், 34 வயதில், தொடரின் சிறந்த வீரர் அவர்தான். இந்தியா நான்காம் இடம். இரண்டு ஆண்டு கழித்து ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், அவருடைய கடைசி சர்வதேச ஆட்டத்தில், சில நிமிடங்கள் மட்டுமே அவரைக் களத்தில் இறக்கினார்கள்.