இசட் எங்கே இருக்கிறது?

எம்.எஸ்சி. கணித நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்களின் நோட்டில் இந்தக் கணக்கு ஏதாவது ஒரு வடிவில் கட்டாயம் இருக்கும். ஆரம் 1 உள்ள மேல் அரைக்கோளம். அதன்மேல் ஒரு வெக்டர் புலம். முதல் உறுப்பில் மைனஸ் ஒய். கூடவே இசட்டால் பெருக்கிய ஓர் அடுக்குச் சார்பு. இரண்டாவதில் எக்ஸ், கூடவே இசட்டால் பெருக்கிய ஒரு கொசைன். மூன்றாவது உறுப்பு பார்த்தாலே மிரட்டும். இந்தப் புலத்தின் கர்ல் அரைக்கோளத்தின் வழியே வெளிப்பக்கமாக எவ்வளவு பாய்கிறது?

கர்லைக் கண்டுபிடித்துக் கோளப் பரப்பில் பிரதியிடத் தொடங்கினால் பக்கம் பக்கமாகப் போகும். தேர்ந்தவர்கள் பேனாவைத் திறக்குமுன் விளிம்பைப் பார்ப்பார்கள். ஸ்டோக்ஸ் தேற்றப்படி பரப்பின்மேல் போடும் தொகையீடும் விளிம்பைச் சுற்றிப் போடும் தொகையீடும் ஒன்றே. இங்கே விளிம்பு, தரையில் கிடக்கும் ஒரு வட்டம். அங்கே இசட் 0. அடுக்குச் சார்பும் கொசைனும் அந்தக் கணமே ஒழிந்தன. வட்டத்தைச் சுற்றிவரும்போது இசட் மாறுவதில்லை, ஆகவே மூன்றாவது உறுப்புக்கும் வேலையில்லை. மைனஸ் ஒய்யும் எக்ஸும் மட்டுமே மிச்சம். அவை வட்டத்தின் பரப்பைப் போல இரு மடங்கைத் தரும். விடை 2 பை.

இதில் நான் ரசிப்பது கேள்வியை அமைத்தவரின் கையை. மிரட்டும் ஒவ்வொரு சார்போடும் ஓர் இசட்டைக் கோத்து வைத்திருக்கிறார்! வளையத்தில் கட்டிய வலையை மேலே உப்பவிட்டாலும் இழுத்துத் தட்டையாக்கினாலும் வளையம் மாறாது என்று தெரிந்தவர் அவர்.

அந்தத் தேற்றமே வெளியுலகுக்கு வந்தது ஒரு தேர்வில்தான் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. 1850இல் வில்லியம் தாம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு, அதை ஒரு கடிதத்தில் ஸ்டோக்ஸுக்கு எழுதினார். 1854இல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வில் அதை நிறுவச் சொல்லி ஸ்டோக்ஸ் கேட்டார். தேற்றம் அச்சேறியது அந்த வினாத்தாளில்தான். எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். பரிசை எட்வர்ட் ரௌத்துடன் பகிர்ந்துகொண்டார். மின்காந்தவியலைப் பின்னால் அவர் எழுதியபோது இந்தத் தேற்றம் அவருக்குக் கைகொடுத்தது.

ஒரு மாறிக் கணக்குகளிலும் அழகு உண்டு. சைனின் வர்க்கமூலத்தை, சைன், கொசைன் இரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டியதால் வகுத்து, 0 முதல் பை/2 வரை தொகையிடச் சொல்வார்கள். எக்ஸுக்குப் பதில் பை/2இலிருந்து எக்ஸைக் கழித்துப் போட்டால் சைனும் கொசைனும் இடம் மாறிக்கொள்ளும். பழையதையும் புதியதையும் கூட்டினால் உள்ளே வெறும் 1. விடை பை/4. நேர்த்திதான். ஆனால் வழி தெரிந்த பிறகு அதில் யோசிக்க அதிகமில்லை. வெக்டர் கணக்குகள் அப்படியில்லை. அங்கே தேற்றம் தெரிந்தாலும் போதாது, அது இங்கே செல்லுமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

ஆதியிலிருந்து வெளிநோக்கி, தொலைவின் வர்க்கத்தால் 1ஐ வகுத்த அளவில் குறையும் புலத்தையே எடுங்கள். டைவர்ஜென்ஸ் ஆதியைத் தவிர எங்கும் 0. எனவே எந்த மூடிய பரப்பிலும் பாயம் 0 என்று கை எழுதப் பார்க்கும். ஆனால் ஆதியில் புலத்துக்கு வரையறையே கிடையாது. பரப்பு அதை உள்ளே வைத்திருந்தால் காஸ் தேற்றத்தை நேராகப் போட முடியாது. ஆதியைச் சுற்றி ஒரு சிறு கோளத்தை வெட்டியெடுத்தால் பாயம் 4 பை என்று வரும். ஆதியை மையமாகக் கொண்ட கனசதுரமானால் ஆறு முகங்களும் சமம், முகத்துக்கு 2 பை/3.

இப்போது ஆதியைக் கனசதுரத்தின் ஒரு மூலைக்கு நகர்த்துங்கள். அந்த மூலையில் சேரும் மூன்று முகங்களிலும் புலம் முகத்தோடு ஒட்டியே போவதால் பாயம் இல்லை. அதே அளவில் எட்டுக் கனசதுரங்களை அடுக்கினால் ஆதி நட்டநடுவில் வந்துவிடும். நம்முடையதின் பங்கு எட்டில் ஒன்று, அதாவது பை/2. எதிரே உள்ள மூன்று முகங்களுக்கும் தலைக்குப் பை/6. இரட்டைத் தொகையீடு ஒன்றுகூடப் போடவில்லை.

இதை நான்கு விடை கொடுத்துக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. பை/2 கண்ணில் பட்டாலே சந்தேகம் வந்துவிடும். ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வின் கடைசிப் பகுதியில் எண்ணை நாமே உள்ளிட வேண்டும். இந்தக் கணக்குக்கு ஏற்ற இடம் அதுதான். அங்கே 0 என்று போடுபவரும் 1.57 என்று போடுபவரும் தாமே யோசித்துத்தான் போட வேண்டும்.