படைவீரர் வாய்மொழிப் பதிவுகள்: மொழியியல் நோக்கில் ஒரு மதிப்பீடு

போர் நிகழும் காலத்திலேயே படைவீரரின் அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்வோர் போர்க்கள வரலாற்றாசிரியர் எனப்படுவர். இவர்தம் பதிவுகள் பெரிதும் வரலாற்றுச் சான்றுகளாகவே மதிப்பிடப்பட்டு வந்துள்ளன. ஆயின் அவை அடிப்படையில் பேச்சுகளாகும். யார், யாரிடம், எவ்வினாவிற்கு விடையாக, எம்மொழியில் கூறினார் என்பன தெரியாதவிடத்து அவற்றின் சான்று மதிப்புக் குறைகிறது. இரு வேறு பதிவு முறைகளின் வழி இக்கருத்தை நிறுவித் தமிழ்ச் சூழலுக்குப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கூட்டு நேர்காணல்

அமெரிக்கப் படையின் வரலாற்றாசிரியரான எஸ்.எல்.ஏ. மார்ஷல், 1943 நவம்பரில் பசிபிக் பகுதியின் மாக்கின் தீவுப் போரின்போது கூட்டு நேர்காணல் முறையைக் கையாண்டார். போரிட்ட பிரிவில் எஞ்சியோர் அனைவரையும் ஒருங்கே அமரச் செய்து, நிகழ்ந்தவற்றை வரிசைப்படக் கூறச் செய்தார். ஒருவர் மறந்ததை மற்றொருவர் எடுத்துரைப்பர். மிகைப்படக் கூறியதைத் திருத்துவர். இது இம்முறையின் சிறப்பாகும்.

1947இல் வெளிவந்த 'மென் அகெயின்ஸ்ட் ஃபயர்' என்னும் நூலில், போர்முனையில் 15 முதல் 25 விழுக்காட்டினரே துப்பாக்கியால் சுட்டனர் என்று அவர் எழுதினார். இக்கூற்றை 1988இல் ரோஜர் ஸ்பில்லர் மறுத்தார். மார்ஷலின் குறிப்பேடுகளில் இத்தகைய கணக்கெடுப்பு நிகழ்ந்ததற்கான தடயம் இல்லை. உடன் பணியாற்றியவரும் அத்தகைய வினா கேட்கப்பட்டதாக நினைவுகூரவில்லை. முடிவு எஞ்சியது, அதற்கு அடிப்படையாக அமைந்திருக்க வேண்டிய வினாவும் விடையும் எஞ்சவில்லை. பேச்சின் வடிவம் காக்கப்படாமையால் அக்கூற்றைச் சரிபார்க்க வழியில்லாது போயிற்று.

2. ஒலிப்பதிவு

முதல் உலகப் போரின்போது செருமனியில் இதற்கு மாறான முயற்சி ஒன்று நிகழ்ந்தது. கார்ல் ஸ்டும்ப் தலைமையில் 1915இல் அமைந்த ஒலிப்பதிவு ஆணையம், வில்ஹெல்ம் டோகனைச் செயலராகக் கொண்டு, போர்க்கைதிகளின் மொழிகளைப் பதிவு செய்தது. ஏறத்தாழ 250 மொழிகளில் 1,650 இசைத்தட்டுகள் உருவாயின. பெர்லினுக்கு அருகில் வூன்ஸ்டார்ஃபில் இருந்த பிறைநிலா முகாமின் இந்தியக் கைதிகளும் இதில் இடம்பெற்றனர்.

மொழியியலார் நாடியது ஒலியை மட்டுமே. கூறவேண்டியது முன்னரே எழுதப்பட்டு, பின்னர் ஒலிவாங்கும் குழலின் முன் பேசப்பட்டது. போர் அனுபவம் அவர்களின் ஆய்வுப்பொருள் அன்று. எனினும் 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்னும் பஞ்சாபி வீரர் பேசிய சிறு உரை, ஊர் திரும்பும் ஏக்கத்தை வெளிப்படுத்தும் அரிய சான்றாக இன்று மதிக்கப்படுகிறது. அவர் தம் கதையைத் தன்மையில் கூறாது, 'ஒரு மனிதன்' எனப் படர்க்கையில் கூறுகிறார். இது கதை கூறும் மரபின் தாக்கமாகலாம். கைதியின் தற்காப்பும் ஆகலாம். ஒலி வடிவம் காக்கப்பட்டமையாலேயே இவ்வினாவை இன்றும் எழுப்ப முடிகிறது. சுருக்கக் குறிப்பாக மட்டும் எழுதப்பட்டிருப்பின் அப்படர்க்கை தன்மையாக மாற்றப்பட்டு மறைந்திருக்கக்கூடும்.

3. தமிழ்ச் சூழல்

சுபாஷ் சந்திர போஸ் 1943இல் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழர் பெருமளவில் இணைந்தனர். அப்படையின் பொதுமொழி உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட இந்துஸ்தானியாகும். வீட்டில் தமிழும் படையில் இந்துஸ்தானியும் வழங்கியவரின் நினைவுரையில் மொழிக்கலப்பு இயல்பாகும். அது பிழையன்று, சான்றே. 'ஜெய்ஹிந்த் சொன்னோம்' என்பதை 'வணக்கம் தெரிவித்தோம்' எனப் பதிப்பாசிரியர் திருத்துவாராயின் படை வாழ்வின் தடம் ஒன்று அழிகிறது.

தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடும் கருதத்தக்கது. உடன் போரிட்டவரிடம் 'நாம் ஆற்றைக் கடந்தோம்' என்பவர், பதிவு செய்ய வந்தவரிடம் 'நாங்கள் கடந்தோம்' என்பார். கேட்பவரை உளப்படுத்துவதா விலக்குவதா என்பதை இவ்விடப்பெயரே காட்டிவிடும். ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. மார்ஷலைப் போன்று கூட்டாகக் கேட்கும்போது இடையிடையே 'நாம்' 'நாங்கள்' என மாறுவது, பேசுவோர் எப்போது தமக்குள்ளும் எப்போது வரலாற்றாசிரியரை நோக்கியும் பேசினர் என்பதை உணர்த்தும்.

4. முடிவு

சிங்கப்பூரில் 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, 1981 முதல் சப்பானிய ஆட்சிக்கால நினைவுகளைத் திரட்டியது. இத்தகைய திரட்டுகளைக் கையாளுங்கால் மூன்று நெறிகள் வேண்டப்படும்: வினாவையும் விடையுடன் எழுதுதல், பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றாதிருத்தல், மொழிபெயர்ப்புடன் மூலத்தையும் வெளியிடுதல். இந்திய தேசிய இராணுவத் தலைமுறையில் இன்று உயிருடன் இருப்போர் மிகச் சிலரே. அவர்களிடம் மீண்டும் கேட்கும் வாய்ப்பு அருகிவிட்ட நிலையில், இருக்கும் ஒலிப்பதிவுகளை எவ்வாறு எழுத்தாக்குகிறோம் என்பதே அவர்தம் சொல் நிலைப்பதையும் திரிவதையும் முடிவு செய்யும்.